மூலகாரணம் தெரியாமல் வண்டியை எடுக்காதே

பழுதைப் பார்த்தவுடன் முகம் வாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பழுதைப் பார்த்தவுடன் முகம் மலர்கிறவர்களை? கவனித்ததில்லை என்றால் இன்றைக்காவது கவனித்துக்கொள்ளுங்கள். எந்தக் குடியிருப்பிலும் மாடிக்கு ஒருவர் வீதம் உண்டு. குழாய் ஒழுகினால் நீங்களும் நானும் குழாயை மூடுவோம். இவர் ஒழுகவிட்டுப் பார்ப்பார். ஒழுகினால்தானே எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியும்? மின்விசிறி நின்றால் நமக்கு வேர்க்கும். இவருக்கு மனம் குளிரும். சரிசெய்வது இவர் வேலை அல்ல, அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. இவர் தேடுவது மூலகாரணம். காரணம் தெரிவதற்குள் ஒரு பொருள் தானாகச் சரியாகிவிட்டால், அதைப் பெரிய நம்பிக்கைத் துரோகமாக எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிற ஆத்மா.

நம்பமாட்டீர்கள் என்றால் வாருங்கள், மீட்டரைக் காட்டுகிறேன்.

மீட்டர் என்பது அடுக்ககத்தில் எல்லாருமாகச் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கிற இடத்தில் இவருக்கு மின்சாரம் அளக்கிற மீட்டரின் சிவப்புக் கம்பி எட்டிப் பார்க்கும். உத்தியோகம் தணிக்கைப் பிரிவில். அடுத்தவர் எழுதிய கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க அலுவலகத்தில் சம்பளம் தருகிறார்கள்; வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்கிறார். ஒரு மனைவி உண்டு, கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் உண்டு, ஒரு கார் உண்டு. மூன்றில் எதிர்த்துப் பேசாதது கார் ஒன்றுதான் என்பதால் அதன்மேல் தனிப் பிரியம்.

மனைவிக்கு இந்த வருஷம்தான் வேலை கிடைத்திருந்தது. ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவள். கல்யாணம், பிள்ளைப்பேறு, படுக்கையில் விழுந்த மாமியார் என்று படித்த படிப்பைத் தூக்கிப் பரணில் போட்டிருந்தாள். மகள் கல்லூரிக்குப் போனதும் அதை இறக்கித் தூசி தட்டி, தன் மகள் வயசுப் பெண்களோடு வரிசையில் நின்று, ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் ஓர் இடம் பிடித்துவிட்டாள். வேலை இன்னும் நிரந்தரமில்லை. ஆறு மாதம் பார்ப்பார்கள்; பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் போய்வா அம்மா என்பார்கள். அங்கே பொழுது விடிந்ததும் ரத்தம் எடுக்க வேண்டும். முந்தைய ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்து வந்த நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு அங்கே போகிற பஸ் கிடையாது. கார் ஓடினால்தான் அவளுக்கு வேலை. முதல் நாள் தானே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது கண்ணாடியில் தன் முகத்தை இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். பயமெல்லாம் இல்லை, சந்தோஷம்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் ஒருநாள் காலை சாவியைத் திருப்பினாள். கார் டிக் டிக் என்றது, அதோடு சரி. மேலே போன் செய்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னாள். மீட்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு பதில் வந்தது.

“எதையும் தொடாத. அப்படியே இரு. வரேன்.”

வந்தார். வந்து காரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். நேற்றுக் கடைசியாகப் பூட்டியது யார்? பூட்டும்போது சத்தம் ஒரு தடவை வந்ததா, இரண்டு தடவையா? வழியில் பாட்டுக் கேட்டாயா? எந்தக் கதவை முதலில் திறந்தாய்? கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். அதற்குள் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, தன் காரிலிருந்து மின்சாரம் கொடுக்கிற கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனிதர். மீட்டர் இரண்டு கையையும் விரித்துக் காரை மறைத்துக்கொண்டு நின்றார்.

“இப்ப கரண்ட் குடுத்தா எல்லா சாட்சியும் அழிஞ்சிடும் சார்.”

“மேடத்துக்கு நேரமாகுது சார்.”

“நேரமாகுதுன்னு காரணத்தை விட்டுட முடியுமா?”

மருந்துக்கடைக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார். அவள் வாடகைக் காருக்குச் சொல்லி, அது வந்து, போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் இருந்தவர்களில் ஒரு பெரியவர் மயங்கிச் சரிந்து, அவருக்கு யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். லேப் பொறுப்பாளர் அம்மாள் சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது.

அன்று மாலையிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஆபீசிலிருந்து வந்ததும் காபியைக்கூடக் குடிக்காமல், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சுரங்கத்தில் இறங்குகிறவர் மாதிரி கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிடுவார். இறங்கி, பானெட்டைத் தூக்கி, பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டி, நிறுத்திவைத்த காரில் எந்தத் திருடன் மின்சாரத்தைக் குடிக்கிறான் என்று கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவர் யாராவது, என்ன சார் பேட்டரியா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால், அவர்களையும் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விளக்குவார். பூட்டிய பிறகு காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணயர்ந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கார் முழுசாகத் தூங்கும். தூங்கிய பிறகு அளந்தால்தான் கணக்குச் சரி. இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? தூங்கிவிட்டதா என்று பார்க்கக் கதவைத் திறப்பார். திறந்ததும் உள்விளக்கு எரியும், கார் விழித்துக்கொள்ளும், மீட்டரில் எண் எகிறும். பார்த்தீர்களா, எங்கேயோ குடிக்கிறது என்பார். குழந்தையை உலுக்கி எழுப்பி, தூங்கிட்டியாடா என்று கேட்கிற தகப்பனை என்ன செய்வது?

அடுத்து ஃப்யூஸ் படலம். அத்தனை ஃப்யூஸையும் பிடுங்கி, அளந்து, திரும்பச் செருகியதில் ஒன்று மீந்துவிட்டது. கம்பெனிக்காரன் ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பான் என்று தீர்ப்பளித்து, அதை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மறுநாளிலிருந்து காருக்கு ஹாரன் இல்லை. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “கொஞ்சம் ஒதுங்குங்க, கொஞ்சம் ஒதுங்குங்க” என்று கெஞ்சிக்கொண்டே ஆஸ்பத்திரிவரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவருக்கு டிக்கி மேல் சந்தேகம் வந்தது. டிக்கியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரியும். மூடினால் அணைகிறதா? அணைகிறது என்று யார் பார்த்தார்கள்? போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் தெரிந்துவிடாதா அப்பா என்று மகள் கேட்டாள். அடுத்தவர் கண்ணை நம்பித் தணிக்கை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு தானே உள்ளே ஏறிப் படுத்துவிட்டார். மகள் மூடினாள். அந்த நேரம் பார்த்து அடுக்ககத்தின் செயலாளர் தண்ணீர்த் தொட்டி விஷயமாக வந்து சேர்ந்தார்.

“அப்பா எங்கம்மா?”

“டிக்கில இருக்கார் அங்கிள்.”

“எப்ப வருவார்?”

“லைட்டு அணைஞ்சா வருவார்.”

விளக்கு மூடிய மறுகணமே அணைந்திருந்தது. தற்செயலாக அணைந்திருக்கலாம் என்று உள்ளேயே கிடந்து யோசித்ததில்தான் தாமதம். வெளியே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டிக்கி நிரபராதி என்று அறிவித்தார். செயலாளர் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசாமலே போய்விட்டார்.

கார் இதற்கிடையில் ஒருநாள் ஓடும், ஒருநாள் படுக்கும். காலையில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கடைசியில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அவர் ஆபீசுக்குப் போன நேரத்தில் கடையிலிருந்து ஆளை வரவழைத்து, பேட்டரி ரொம்பப் பழசு என்று அவன் சொன்னதைக் கேட்டு, புதுசு ஒன்று போட்டுக்கொண்டாள். பழசை அவன் எடுத்துக்கொண்டு போனான். வேலை முடிந்தது. நம் வீடு என்றால் இதோடு கதையும் முடிந்தது.

மாலையில் மீட்டர் வந்தார். விஷயம் தெரிந்தது. இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். முக்கியமான சாட்சியையே தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்றார். பேட்டரிக்கு வயசாகிவிட்டதாம் என்று அவள் சொன்னாள். வயசாவதெல்லாம் ஒரு காரணமா, அது வெறும் வருத்தம்தானே என்றார். அவர் வாதம் என்ன தெரியுமா? காரணம் இன்னும் காருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பழைய பேட்டரியைக் குடித்த பூதம் புதியதையும் குடிக்காமல் விடாது. அது குடிக்கிற நேரத்தில் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்காக ஒரு கருவி வாங்கி வந்தார். விரல் நீளம்தான் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டால், அது காரின் கம்ப்யூட்டரோடு பேசி, பேட்டரியின் நிலவரத்தை அவர் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காவல்காரன் என்று அதற்குப் பெயர் சூட்டினார்.

காவல்காரன் வந்த பிறகு புது பேட்டரி நிஜமாகவே இறங்க ஆரம்பித்தது. அவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. போனில் ஒரு கோடு சாயங்காலம் உயரத்தில் தொடங்கி, விடிவதற்குள் சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியிருக்கும். அந்தக் கோட்டை ஆபீசில் காட்டினார், லிஃப்டில் காட்டினார், தூரத்து உறவுக்காரர் ஒருவர் இறந்த வீட்டில் துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் காட்டினார். நான்தான் அப்போதே சொன்னேனே, பூதம் உள்ளேதான் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். பூதத்தைச் செருகினது யார் என்பதுதான் பாக்கி.

மனைவி மறுபடி தாமதமாகப் போனாள். இந்தத் தடவை பொறுப்பாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் கை நல்ல கை, ஊசி குத்துவது குழந்தைக்குக்கூடத் தெரிவதில்லை, ஆனால் இன்னொரு நாள் இப்படி வந்தால் நிரந்தரம் செய்யச் சொல்லி என்னால் பேச முடியாது என்று நிதானமாகச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை. கோபம் அவளுக்குத் தலைக்கு ஏறியிருந்தது. அவர் போனில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குக் காரணம் வேணாங்க. வண்டி ஓடணும், அவ்வளவுதான்.”

“காரணம் தெரியாம ஓடுற வண்டி எப்ப வேணா நின்னுடும்.”

“தெரிஞ்சுக்கிட்டு இருக்கிறப்பவே நின்னுக்கிட்டுதானே இருக்கு? என் வேலை போயிடும்னு சொல்றேன், கேக்குதா?”

கேட்டது. கேட்காமல் என்ன? அவருக்கும் முகம் சுண்டிவிட்டது. உனக்காகத்தானே நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்து இதெல்லாம் செய்கிறேன் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் இந்த இனத்தோடு பெரிய கஷ்டமே. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவர் நல்ல எண்ணத்தோடு தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் நல்ல காலமாக அவரை வெளியூர்க் கிளை ஒன்றில் தணிக்கைக்கு அனுப்பினார்கள். அங்கே அலுவலகம் தரப்போகிற காரையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று, போகிறபோது காவல்காரனைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலை அவள் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். கார் உறுமிக்கொண்டு கிளம்பிற்று. அதற்கு மறுநாளும் கிளம்பிற்று. அவர் ஊரில் இல்லாத அத்தனை நாளும் கிளம்பிற்று. காருக்கு அப்பாவைக் கண்டால் ஆகவில்லை போலிருக்கிறது என்று மகள் கிண்டல் செய்தாள். தாயும் சிரித்துவிட்டு, பெஞ்சில் முதல் ஆள் வந்து உட்கார்வதற்கு முன்னாலேயே லேபைத் திறந்துவைத்துக்கொண்டு ராணி மாதிரி இருந்தாள்.

அவர் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகக் கீழே போய்க் காவல்காரனை அதன் இடத்தில் செருகினார். விடிந்ததும் கார் டிக் டிக் என்றது. அது ஆறாவது மாதத்தின் கடைசி வாரம்.

அவள் மேலே போன் செய்யவில்லை. தானே யோசித்தாள். வண்டி ஓடின நாளில் இல்லாதது இன்றைக்கு என்ன இருக்கிறது? குனிந்து பார்த்தாள். முழங்காலுக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம் சிமிட்டிக்கொண்டிருந்தது. காவல்காரன் காரைத் தூங்கவிடாமல் விடிய விடியப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். நேரே எதிர்வீட்டுக்குப் போய் மருந்துக்கடைக்காரரின் கதவைத் தட்டி, அண்ணே, அந்தக் கம்பியைக் கொண்டாங்க என்றாள். சாட்சி, தடயம் எல்லாம் அழிந்தது. கார் கிளம்பிற்று, அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மாலையில் காவல்காரனை எடுத்து அவருக்கு முன்னால் மேஜைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க ஊர்ல இல்லாதப்ப இது வண்டில இல்ல, வண்டி ஓடுச்சு. நீங்க வந்தீங்க, இதைச் செருகினீங்க, வண்டி நின்னுடுச்சு.”

அவர் காவல்காரனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனில் வீட்டுக் காரின் கோட்டைப் பார்த்தார், ஊருக்குப் போன நாளில் கோடு நின்று வந்த நாளில் தொடங்குவதைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். தாய்க்கும் மகளுக்கும் பாவமாகக்கூட இருந்தது. மனிதர் உடைந்துவிடுவார், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார், போனால் போகிறது என்று நாமும் விட்டுவிடலாம் என்று காத்திருந்தார்கள். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது.

“ஊருக்குப் போறப்ப இதைக் கழட்டினது யாரு? நான்தானே?”

அவ்வளவுதான், தீர்ந்தது. மறுநாளிலிருந்து அடுக்ககத்தில் அவர் சொல்லிக்கொண்டு வந்த கதையே வேறு. முதலில் கருவியோடு சில நாள் ஓடவிட்டாராம், பிறகு வேண்டுமென்றே கருவியை அகற்றிச் சில நாள் விட்டாராம், மறுபடி செருகி உறுதிப்படுத்திக்கொண்டாராம். இதற்கெல்லாம் பொறுமை வேண்டுமாம், சாதாரண ஆட்கள் முதல் நாளே பேட்டரியை மாற்றிவிட்டு ஏமாந்து போவார்களாம். மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். செயலாளர் தன் காரையும் கொஞ்சம் பார்க்கச் சொன்னார். மனைவி எதையும் திருத்தவில்லை. கார் காலையில் கிளம்பினால் போதும், பெருமையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள்.

மாதக் கடைசியில் பொறுப்பாளர் அம்மாள் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீ எங்கள் ஆள் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து, யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று கேட்காமல், உன் கைக்காக உன்னை வைத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தே மகளுக்குப் போன் செய்திருக்கலாம், செய்யவில்லை. முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் செயலாளரின் கார் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு மீட்டர் நின்றிருந்தார். அவள் அருகில் போய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

“ஏங்க, என் வேலை நிரந்தரமாயிடுச்சு.”

அவர் கையை உயர்த்தி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். தலையைச் சாய்த்து என்ஜின் சத்தத்தைக் கேட்டார்.

“இரு, ஆஃப் பண்ணாத. சாயங்காலம் அங்கேருந்து கிளம்பறப்ப முதல் திருப்புலயே எடுத்துச்சா?”

எடுத்தது என்று அவள் சொன்னாள். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் பானெட்டுக்குள் குனிந்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அந்தப் பேட்டரியோடு சேர்ந்து இறங்கிப்போயிருந்தது. நெஞ்சில் மட்டும் ஓர் இடம் வலித்தது. படியேறி மேலே போய் மகளிடம் சொன்னாள், மகள் கட்டிக்கொண்டு குதித்தாள்.

பாவம் என்று நீங்கள் உச்சுக் கொட்டுவது கேட்கிறது. எங்கள் சித்தப்பா அச்சு அசல் இவரேதான் என்று சிரிப்பதும் கேட்கிறது. இருக்கட்டும், ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். அந்தப் பெண் வேலைக்குப் போய்ச் சேர்வாளா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பழைய பேட்டரிதான் என்று எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்தீர்கள், இல்லையா? கருவியைச் செருகினார் என்றதும், ஆ, பிடித்துவிட்டேன் என்று தொடையைத் தட்டவில்லை? மயங்கி விழுந்த பெரியவர் அப்புறம் என்ன ஆனார் என்று நான் சொல்லவே இல்லை. நீங்களும் கேட்கவே இல்லை. இப்போதுகூட, அந்தக் கருவி எத்தனை மின்சாரம் குடித்திருக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறதா? அப்படியானால் இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் மடித்து வைத்துவிடுங்கள். படித்தால் அவர்கள் சிரிக்கமாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள்.